பட்டப்பெயர் இல்லாத பட்டியல்

மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுச் சங்கத்தில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே இருந்த கம்ப்யூட்டருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் குறைவு. விண்டோஸ் ஏழு, முப்பத்திரண்டு பிட். இன்டர்நெட் கிடையாது. புதிதாக எதை நிறுவப்போனாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை வைத்தவர் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. போன் போட்டுக் கேட்டால், "இன்னுமா அந்தக் கம்ப்யூட்டர் ஓடுது?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

என் வேலை, ஆள் பட்டியல். விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுகள் கடலுக்குப் போகும். இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். எந்தப் போட்டில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று சங்கம் பட்டியல் எடுத்து, ஒரு பிரதியை மீன்துறை அலுவலகத்துக்குக் கொடுக்கும். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் அதைக் கம்ப்யூட்டரில் அச்சடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா போட்டில் கூலிக்குப் போகிறவர், கைநாட்டு. அதனால் இந்த வேலையை நான் ரொம்பச் சிரத்தையாக எடுத்துக்கொண்டேன்.

சி ஷார்ப்பில் எழுதினேன். காலேஜில் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த மொழியில் எழுதிய புரோகிராம் தன்னந்தனியாக ஓடாது. ரன்டைம் என்று ஒன்று அந்த மெஷினில் முன்னமே இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் அது இருந்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் இல்லை. பென் டிரைவில் கொண்டுபோய்ச் செயலாளர் முன்னால் கிளிக் செய்தேன். ரன்டைம் இல்லை, போய் எடுத்து வா என்கிற மாதிரி ஒரு பெட்டி திறந்தது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னலே சொல்லுது?"

"எங்க வீட்டுல ஓடிச்சு அண்ணாச்சி."

"அப்ப ஒங்க வீட்டுலருந்தே போட்ட விடச் சொல்லு."

அன்று மாலை உட்கார்ந்து தேடியதில்தான் பப்ளிஷ் என்கிற கட்டளையைக் கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் ஒரே வரி. எந்த வகை மெஷினுக்கு என்று சொல்ல வேண்டும். ரன்டைமையும் உள்ளே சேர்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டு என்று சொல்ல வேண்டும். கட்டி முடித்தால் ஒரு எக்ஸி ஃபைல் கிடைக்கும். போகிற இடத்தில் எதுவும் இருக்கத் தேவையில்லை. யாரிடமும் பாஸ்வேர்டு கேட்க வேண்டாம். ஐஸ், டீசல், குடிதண்ணீர், அரிசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற போட்டு மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை மட்டும்தான் ஆட்டுவார்.

முதல் தடவை அறுபத்து நான்கு பிட்டுக்குக் கட்டிவிட்டேன், திறக்கவில்லை. மறுநாள் முப்பத்திரண்டுக்குக் கட்டினேன், திறந்தது. நாற்பது வரி எழுதத் தெரிந்த எனக்கு அறுபத்து மூன்று எம்.பி.யில் ஒரு ஃபைல். செயலாளர் ஒரு போட்டின் எண்ணைத் தட்டினார். பிரிண்டரில் எட்டுப் பெயர்கள் வந்தன. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பட்டப்பேரு எங்கலே?" என்றார்.

இது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் கடற்கரையில் ஒரு தெருவில் கல்லை எறிந்தால் ஒரே புனிதரின் பெயர் வைத்த நான்கு பேர் மேல் படும். ஞானஸ்நானப் பெயர் கோயிலுக்கும் ரேஷன் கார்டுக்கும். கடலிலும் கரையிலும் ஆளைத் தெரிவது பட்டப்பெயரை வைத்து. ஆனால் அதை அந்த ஆளின் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். அப்பாவை ரேடியோ என்பார்கள், வாயே திறக்காதவர் என்பதால். அப்பாவின் பெயரையே கொண்ட இன்னொருவர் இருந்தார், ஏறக்குறைய அப்பா வயது. அடுத்தவரிடம் தீப்பெட்டி கேட்டுக்கேட்டே பீடி பற்றவைக்கிறவர் என்பதால் அவர் தீப்பெட்டி.

எனவே பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில், பட்டப்பெயருக்கு என்று மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். பத்திகளின் தலைப்புகளை வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் பெயரைக்கொண்டு தேடி எடுத்து, கேட்பது, சேமிப்பது, அச்சடிப்பது எல்லாம் ஒரே சுற்றில் நடக்கிற மாதிரி எழுதினேன். அழகாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலை ஷிஃப்டில் தட்டச்சு செய்கிற அக்கா, ஆட்களுக்குத் தெரியாமல் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் விசாரித்து, அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் பட்டப்பெயரைப் போட்டு முடித்தார். அவருக்கு ஒரு மாதம் ஆனது.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை. "ஏலே தம்பி, இத கிளிக் பண்ணிட்டு வாசலுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வந்தாத்தான் தெறக்குது. வாசல்ல போட்டுக்காரன் ஏசுதான்."

பழைய மெஷின், அறுபத்து மூன்று எம்.பி.யைத் தூக்க அதற்கு நேரம் பிடித்தது. அதே கட்டளையில் டிரிம் என்று ஒரு வசதி இருப்பதைப் பார்த்தேன். புரோகிராமுக்குத் தேவைப்படாத பகுதிகளை அந்தக் கருவியே கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடும். போட்டுப் பார்த்தேன். மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் நான்கைந்து வரி ஓடின. வெட்டிய பிறகு சரியாக ஓடாமல் போகலாம் என்று சொல்லின. மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே என்று விட்டுவிட்டேன். ஃபைல் பதினான்கு எம்.பி. ஆகியிருந்தது. சங்கத்தில் போய் வைத்தேன், தொட்டவுடன் திறந்தது. சோதனைக்கு இரண்டு ஆட்களைப் போட்டேன். அவர்களுக்குப் பட்டப்பெயர் போடவில்லை. பெயர் வந்தது, வயது வந்தது. அது சாயங்காலம். வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கருவி என்ன செய்திருந்தது என்று பிறகு புரிந்தது. பெயரையும் வயதையும் வரிசைப்படுத்துவதற்காக வேறு இடங்களில் நேரடியாகக் குறிப்பிட்டிருந்தேன். பட்டப்பெயரை எங்கேயும் நேரடியாகக் குறிப்பிடவில்லை; அந்தச் சுற்றில் தேடி எடுப்பதோடு சரி. கருவியின் கண்ணுக்கு அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. வெட்டிவிட்டது. மறுநாள் விடியற்காலை அக்கா தட்டிய பட்டப்பெயர்களைப் புரோகிராம் கேட்டுவாங்கிக் கீழே போட்டது. சேமிக்கும்போது, பழைய அறுநூற்றுச் சொச்சம் பட்டப்பெயர்களும் சேர்ந்து போயின. அச்சடித்த தாளில் தலைப்பு இருந்தது. அதன் கீழே வெற்றிடம். அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை.

அது கச்சான் காற்றுக் காலம், மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். அப்பா வழக்கமாகப் போகிற போட்டில் கியர் பழுது. அந்த மாதிரி நாட்களில் ஆட்கள் விடியற்காலை துறைமுகக் கேட்டில் நிற்பார்கள். எந்த டிரைவருக்கு ஆள் குறைகிறதோ அவர் கூப்பிட்டுக்கொள்வார். வாட்ச்மேன் சத்தம் போட்டுச் சொல்ல, அக்கா தட்டுவார். அப்படி வருகிறவர்களுக்கு வயதெல்லாம் கேட்பதில்லை. பெயரும் பட்டப்பெயரும் மட்டும். அன்று நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். எந்தப் போட்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மதியம் ஒன்றரை மணிக்கு அலுவலகத்து வி.எச்.எஃப். வயர்லெஸ் பெட்டியில் ஒரு டிரைவரின் குரல் வந்தது. பழைய முத்துப்பார்ப் பாறைகள் பக்கம் நாற்பத்தேழாம் நம்பர் போட்டு இன்ஜின் நின்று கிடக்கிறது. கட்டி இழுக்கப் பார்த்தோம், கயிறு அறுந்துவிட்டது. பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது. காற்றில் எங்களால் கிட்டப் போக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே குரல், போட்டைக் காணவில்லை என்றது. நாற்பத்தேழைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

செயலாளர் கடலோரக் காவலுக்குப் போன் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்தேழு தாள எடுலே."

எட்டுப் பேர். ஏழு பேர் அந்தப் போட்டின் நிரந்தர ஆட்கள். எட்டாவது பெயர் என் அப்பாவுடையது. வயது இல்லை. பட்டப்பெயர் இல்லை.

"இது ரேடியோவா, தீப்பெட்டியா?" என்றார் செயலாளர். பிறகு ரேடியோ யார் என்பது நினைவுக்கு வந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

மற்ற தாள்களைப் புரட்டினேன். இருபத்தொன்றாம் நம்பர் போட்டிலும் அதே பெயர். அங்கேயும் வெற்றிடம். இரண்டில் ஒன்று அப்பா.

சேமித்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். எதுவும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். "ரெண்டு பேரையும் அடிச்சேனே தம்பி. ரேடியோன்னும் அடிச்சேன், தீப்பெட்டின்னும் அடிச்சேன். எது எதுலன்னு எப்படிலே ஞாபகம் இருக்கும்? அதுக்குத்தான ஒன் கம்ப்யூட்டர்?" என்றார். வாட்ச்மேனுக்கும் நினைவில்லை. கடலில் போனுக்குச் சிக்னல் கிடையாது; இருபத்தொன்றை வி.எச்.எஃப்.பில் கூப்பிட்டால் தெரிந்துவிடும். கூப்பிட்டார்கள். அந்த டிரைவர் பெட்டியை அணைத்துவைத்திருந்தார். மீன் படுகிற இடத்தைக் கண்டுவிட்டால் அணைத்துவைப்பது வழக்கம். பேசினால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள்.

"நல்ல பாடு கெடச்சிருக்கு அவனுக்கு," என்றார் செயலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்தேன் என்பது நினைவிருக்கிறது. அம்மா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.

மூன்று மணிக்குள் நாற்பத்தேழில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் போட்டு கட்டும் தளத்துக்கு வந்துவிட்டார்கள்; நானும் அங்கே போய்க் கயிறு கட்டுகிற கல் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். தீப்பெட்டியின் மனைவியும் வந்தார். நான் சித்தி என்று கூப்பிடுகிறவர். அவருடைய ஆள் எதில் ஏறினார் என்று அவருக்கும் தெரியாது. நேராக என்னிடம் வந்தார்.

"ஏலே, ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா. பாத்துச் சொல்லுலே."

"கம்ப்யூட்டர் சரியில்ல சித்தி."

அது பொய். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. மஞ்சள் எழுத்து பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்கும். எழுதிக்கொடுத்ததைத் தொலைத்துவிட்டான் என்பதில் புரியாமல் போக என்ன இருக்கிறது.

சித்தி என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "ஊரு சிரிக்குன்னு காலையில ஒரு தீப்பெட்டிய மடியில வச்சி அனுப்புனேன். நனையாம பாலித்தீன்ல சுத்திக் குடுத்தேன். அதையும் யார்கிட்டயாவது குடுத்திருப்பாவ," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அப்போது நான் நினைத்ததை எழுதிவிடுகிறேன். நாற்பத்தேழில் போனது தீப்பெட்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேண்டிக்கொள்ளவில்லை, கண்ணீர் விடவில்லை. திரையில் ஒரு வரி அடித்து என்டரைத் தட்டுகிற மாதிரி, சும்மா நினைத்தேன். சித்தியின் தோள் என் முழங்காலில் படுகிற தூரத்தில் இருந்தது.

நான்கு மணி வாக்கில் ஒரு போட்டு உள்ளே திரும்பியது. முதலில் நம்பர் தெரியவில்லை. கிட்டே வரவும் இருபத்தொன்று என்று தெரிந்தது. முன்பக்கம் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு குள்ளமாக ஒருவர் நின்றார். அப்பா.

எனக்கு முன்னால் சித்தி பார்த்துவிட்டார். இருபத்தொன்றில் அப்பா என்றால் நாற்பத்தேழில் யார் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"ஒங்க அப்பா வந்துட்டாவ. போ, கயித்தப் பிடி."

போய்ப் பிடித்தேன். கட்டினேன். அப்பா என்னைப் பார்த்து, "இங்கன என்னலே?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் தாண்டிச் சித்தியைப் பார்த்தார். கீழே இறங்கவில்லை. திரும்பி டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் செயலாளரைப் பார்த்தார்.

"பெட்டிய அணைச்சா வச்சிருந்த, மூதேவி?" என்று செயலாளர் கத்தினார்.

"மீன எறக்காண்டாம், டீசல் இருக்கு. யாரு யாரு வாரியலே?" என்று டிரைவர் தன் ஆட்களைக் கேட்டார். அப்பா ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார், நான் கட்டியதை.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தாள் போடாம போட்டு போவக் கூடாது. எழுதுலே."

கம்ப்யூட்டரைத் திறந்து வர நேரமில்லை. நாற்பத்தேழின் தாளைத் திருப்பி வைத்து, பேனாவால் எழுதினேன். ஆறு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பட்டப்பெயர். தெரியாத இரண்டைச் செயலாளர் காதில் சொன்னார். கடைசியாக அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ரேடியோ என்று எழுதினேன். அதுவரை அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை. அதற்குள் போட்டு வெளியே போயிருந்தது.

நான் மறுபடி சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை இரண்டு பேருமே கடலில். எனக்கு அது ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் போனை எடுத்து, அப்பா தேடப் போயிருக்கிறார் என்று சொன்னேன். "யாரத் தேடலே?" என்றாள். சொன்னேன். அவளும் புறப்பட்டு வந்து சித்தியின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் இருபத்தொன்று, காற்று தள்ளிய பக்கமே போய்த் தேடிக் கண்டுபிடித்த நாற்பத்தேழைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. எட்டுப் பேரும் இருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. நான் தாளைத் திருப்பி, ஒவ்வொருவர் இறங்கும்போதும் ஒரு டிக் போட்டேன். எட்டாவதாகத் தீப்பெட்டி இறங்கினார். நடுங்கிக்கொண்டிருந்தார். மடியைத் தடவி ஒரு பாலித்தீன் சுருளை எடுத்து, பல்லால் பிரித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் ஊறியிருந்தது.

"தீப்பெட்டி இருக்காலே?" என்றார் என்னிடம்.

தளம் முழுவதும் சிரித்தது. சித்தி அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகுதான் அழ ஆரம்பித்தார். நான் டிக் போட்ட தாளைச் செயலாளரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். வெட்டியது, எச்சரிக்கை, நான் பார்க்காமல் விட்டது எல்லாவற்றையும். ஃபைல் ரொம்பப் பெரிதாக இருந்தது அண்ணாச்சி, திறக்க நேரமானது, அதனால்தான் என்றேன்.

"பெருசா இருந்தா என்னலே? நீயா தோள்ல தூக்கிட்டுப் போற?" என்றார். வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். "பேரெல்லாத்தையும் மறுபடி நீ வாங்கு. அவ வாங்கமாட்டா. நீ கேட்டுல நின்னு ஆளாளா கேளு," என்றார்.

டிரிமை எடுத்துவிட்டு மறுபடி கட்டினேன். அறுபத்து மூன்று எம்.பி. அடுத்த நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு நோட்டோடு கேட்டில் நின்றேன். ஒருவரிடம் நேரே போய் உங்கள் பட்டப்பெயர் என்ன என்று கேட்பது எங்கள் ஊரில் வலியப்போய் வசவு வாங்குவது. முதல் ஆள், "ஒங்க அப்பன்ட்ட போய்க் கேளு," என்றார். இரண்டாவது ஆள் தன்னுடையதை விட்டுவிட்டு முன்னால் நின்றவருடையதைச் சொன்னார்; அவர் திரும்பி இவருடையதைச் சொன்னார்; அடிதடி ஆகிவிடும்போல் இருந்தது. ஒருவர் என் பேனாவைப் பிடுங்கி எறிந்தார். தேடி எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அரைமணி நேரத்தில் நான்கு பெயர்கள் சேர்ந்திருந்தன.

அப்போது வரிசையில் அப்பா வந்தார். என் முன்னால் நின்றார். பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.

"ரேடியோன்னு போடு," என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி அவர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு நகர்ந்தார்.

அவருக்கு அடுத்து நின்றவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடையதைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். அதற்கடுத்தவரும் சொன்னார். பதினொரு நாள் ஆனது எல்லாவற்றையும் வாங்க. தீப்பெட்டி மட்டும் சொல்லவில்லை. "ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அக்கா கிளிக் செய்துவிட்டு வாசலுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறார். போட்டுக்காரர்கள் ஏசுகிறார்கள். முதல் தாள் வந்ததும் நான் மூன்றாவது பத்தியை மட்டும் பார்க்கிறேன். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக, வெற்றிடம் எங்கும் இல்லை என்று தெரிகிறவரை. அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்கிறேன்.